ஐம்பது நிமிடம் நின்ற விமானம்

விமானப் பராமரிப்புப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. சின்ன நிறுவனம். எங்களிடம் இருந்த விமானங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாரம் முழுக்க மீனம்பாக்கம் பக்கம் விடுதியில் இருப்பேன். விடுமுறைக்கு முந்தின நாள் மதியம் வேலை முடிந்ததும் ரயிலேறிப் பொன்னேரி, அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காடு. எங்கள் குப்பம் ஏரிக்கு அந்தப் பக்கம் என்பதால் நைனா, அதாவது என் அப்பா, படகோடு வந்து கரையில் நிற்பார்.

அன்றைக்குப் பாதி ஏரியில் மோட்டார் திணறி நின்றது. விசிறியில் கிழிந்த வலை சுற்றிக்கொண்டிருந்தது. வெளிச்சம் மங்கத் தொடங்கிய நேரம்.

“உன் டார்ச்ச குடு கண்ணு,” என்றார் நைனா.

சட்டைப்பையைத் தொட்டேன். இல்லை. கைப்பையைக் கொட்டினேன். அதிலும் இல்லை. அப்போதுதான் காலையில் செய்த வேலை நினைவுக்கு வந்தது. விமானத்தின் சக்கரம் மடங்கி உள்ளே போகும் சக்கரக் குழிக்குள் தலையை நுழைத்துக் குழாய்களைப் பார்த்தபோது, இரண்டு கையும் தேவைப்பட்டதால் டார்ச்சை உள்ளே ஒரு விளிம்பில் வைத்தேன். வைத்தது நினைவிருந்தது, எடுத்தது நினைவில்லை. கம்பெனிக் கருவிகள் என்றால் திருப்பிக் கொடுக்கும்போது எண்ணுவார்கள். டார்ச் என் சொந்தப் பொருள், யார் எண்ணப்போகிறார்கள்? அந்த விமானம் ஏழு மணிக்குப் பெங்களூர் கிளம்பவேண்டும். மணி ஆறேகால்.

“நைனா, அவசரமா ஒரு போன் பண்ணணும். இங்க சிக்னல் இல்ல. கரைப்பக்கம் தள்ளு.”

“ஒரு டார்ச்சுக்கா? வேற வாங்கிக்கலாம்மா.”

“அது பிளேன் சக்கரத்துல மாட்டிக்கினு இருக்கலாம் நைனா.”

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கழியை எடுத்து ஊன்றித் தள்ளினார்.

எங்கள் புறப்பாட்டு மேலாளருக்கு நேரம்தான் உயிர். எந்த விமானம் யாரால் எத்தனை நிமிடம் தாமதம் என்று தினமும் காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லி வாசிப்பார். அவரைக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. புதிதாக வந்திருந்த பாதுகாப்பு அதிகாரி, “எது தப்பாப் போனாலும் எனக்குச் சொல்லுங்க,” என்று எல்லோரிடமும் தன் எண்ணைக் கொடுத்திருந்தார். கரைப்பக்கம் சிக்னல் வந்ததும் அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“இருக்கலாம்னு நெனைக்கிறியா, இருக்கா?” என்று கேட்டார்.

“தெரியல மேடம்.”

“தெரியலன்னா இருக்குன்னே வச்சுக்குவோம். நான் நிறுத்துறேன்.”

நைனா கழியாலேயே தள்ளி வீடு கொண்டுவந்து சேர்த்தார். சக்கரக் குழி முழுக்கத் தேடியும் எதுவும் கிடைக்கவில்லை என்றும், ஐம்பது நிமிடம் தாமதமாக விமானம் போய்விட்டது என்றும் செய்தி வந்தது. அந்தச் சமயத்தில் டிபன் பாக்ஸைக் கழுவ எடுத்த அம்மா கேட்டார்: “இன்னாமா இது, சோத்துப் பைக்குள்ள லைட்டு?”

முதல் போனைவிட இரண்டாவது போன்தான் கஷ்டமாக இருந்தது.

“மேடம், டார்ச் கெடச்சிருச்சு.”

“எங்க?”

“என் சாப்பாட்டுப் பையில.”

மறுமுனையில் தும்மல் மாதிரி ஒரு சிரிப்பு. “பிளேன்ல இல்லன்னு தெரிஞ்சுபோச்சுல்ல? போய் மீன் சாப்பிடு.”

அடுத்த வேலை நாள் கூட்டத்தில் மேலாளர் தாளை ஆட்டினார். “ஐம்பது நிமிஷம் மேடம்! ஒண்ணுமே இல்லாததுக்கு!”

“இந்தப் பொண்ணத் திட்டிப் பாருங்க சார்,” என்றார் அதிகாரி. “அடுத்து டார்ச்சைத் தொலைக்கிறவங்க வாயே திறக்க மாட்டாங்க. அன்னிக்கு ஐம்பது நிமிஷத்தோட நிக்காது.”

மேலாளர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து கூட்டத்தில் காரணத்தை மட்டும்தான் வாசிப்பார்கள், ஆள் பெயர் கிடையாது. எங்கள் சொந்தப் பொருள்களும் எண்ணிக்கையில் சேர்ந்தன.

பத்து நாள் கழித்து, இருபது வருட அனுபவமுள்ள ஒருவர் தானாகவே வந்து, ஒரு திருகாணியை முறுக்கினேனா என்று சந்தேகமாக இருக்கிறது என்றார். விமானம் இன்னும் கொட்டகையில்தான் நின்றது. ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிட்டோம். அதற்கு முன்பெல்லாம் இப்படிப்பட்ட சந்தேகங்களை மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்வோம். பயணிகள் ஏறி உட்கார்ந்த பிறகு ஏதாவது ஒரு எச்சரிக்கை விளக்கு எரியும், எல்லோரும் அலறிக்கொண்டு ஓடுவோம். இப்போது கோளாறுகள் காலையிலேயே வெளியே வந்துவிட்டதால் விமானங்கள் நேரத்துக்குக் கிளம்ப ஆரம்பித்தன. ஒருநாள் தாமதப் பட்டியலில் வாசிக்க எதுவுமே இல்லை. மேலாளர் நம்பாமல் தாளைப் புரட்டிப் பின்பக்கமும் பார்த்தார். அன்று எல்லோருக்கும் அவர் செலவில் போண்டா.

அந்த மகிழ்ச்சியில் எங்கள் பிரிவு மொத்தமும் ஒரு விடுமுறை நாளில் எங்கள் வீட்டுக்கு நண்டு சாப்பிட வந்தது. கரையில் அதிகாரி தலைகளை எண்ணினார், அப்புறம் படகிலிருந்த மிதவைச் சட்டைகளை எண்ணினார்.

“நாலு கம்மியா இருக்கே!”

“இடுப்பளவு தண்ணிதான் மேடம், நடந்தே வரலாம்,” என்றார் நைனா.

அதிகாரி அசையவில்லை. நைனா முணுமுணுத்துக்கொண்டே இரண்டு நடை அடித்தார். முதல் நடையில் மேலாளர் வந்துவிட்டார். இரண்டாவது நடையில் அதிகாரி வந்து இறங்கியபோது பெரிய நண்டுகளில் பாதி காலி.

“சார், மீதி எங்க?” என்று கேட்டார் அதிகாரி.

“லேட்டா வந்தது நீங்க மேடம்,” என்றார் மேலாளர், வாயைத் துடைத்துக்கொண்டே.