நான் காணாத அக்கா

கம்பஸில் முதலாம் வருடம் எனக்கு இருந்த பெரிய பிரச்சினை, இருப்பதற்கு ஓர் இடம் இல்லாததுதான். செவ்வாயும் வியாழனும் காலை வகுப்புக்கும் பின்னேர வகுப்புக்கும் இடையில் மூன்று மணித்தியாலம் கிடந்தது. நகரத்தின் ஓரத்தில், லாசாலில் இருந்த எங்கள் வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரம் போதாது. நூலகத்துக்குள் சாப்பிட விடமாட்டார்கள். உணவுக்கூடத்தில் ஒவ்வொரு மேசைக்கும் ஏற்கெனவே ஒரு கூட்டம் இருந்தது. நான் ஒரு பழைய கட்டடத்தின் பின்படிக்கட்டில், ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்து, அம்மா கட்டித் தந்த இடியப்பத்தைச் சாப்பிடுவேன். இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள் அவை. கைத்தொலைபேசி வைத்திருந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டாவது இருந்தார்கள். என்னிடம் அதுவும் இல்லை.

அந்தப் படிக்கட்டுக்குத்தான் ஒருநாள் ஒரு பெண் வந்தாள். எனக்கு இரண்டு வயது மூத்தவளாக இருப்பாள்.

"உன்னை இங்கே அடிக்கடி பார்க்கிறேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "எங்கள் வீட்டில் சோபா இருக்கிறது. வந்து பார்."

அவள் ஒரு சொரோரிட்டியின் தலைவி. சொரோரிட்டி என்றால் கம்பஸில் படிக்கும் பெண்கள் ஒரு வீட்டை வைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் சகோதரி என்று சொல்லிக்கொள்ளும் சங்கம். மூன்று கிரேக்க எழுத்துகளைத் தங்கள் பெயராக வைத்திருந்தார்கள். மலைச் சரிவில் இருந்தது அந்த வீடு. சாம்பல் நிறக் கல், மூன்று மாடி, நடந்தால் சத்தமிடும் மரத்தளம். நான் சோபாவுக்காகத்தான் போனேன். தை மாதம் அவர்கள் புதிதாகச் சேர்த்த பதினொரு பேரில் ஒருத்தி ஆனேன்.

சேர்ந்து மூன்றாவது கிழமை ஒரு சடங்கு வைத்தார்கள். புதிதாக வந்த ஒவ்வொருத்திக்கும் பழைய உறுப்பினர் ஒருவரை அக்காவாக ஒதுக்குவார்கள். யார் என்று சொல்லமாட்டார்கள். ஒரு கிழமை முழுக்க அந்த அக்கா மறைந்திருந்து தங்கைக்குப் பரிசு அனுப்புவாள். கடைசி நாள்தான் முகத்தைக் காட்டுவாள்.

மற்றப் பிள்ளைகளுக்கு மினுங்கும் கோப்பைகளும் சொக்லேட்டும் நகப்பூச்சும் வந்தன. எனக்குத் திங்கட்கிழமை வந்தது ஒரு சோடி சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை. பலமுறை தோய்த்து மெலிந்தது. செவ்வாய் ஒரு நாவல், பாதியில் பஸ் டிக்கெட் ஒன்று அடையாளமாகச் செருகியிருந்தது. புதன்கிழமை கைக்குப் பூசும் கிறீம். மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு விரல் கிறீமை வழித்தெடுத்த பள்ளம் அப்படியே இருந்தது. எல்லாவற்றோடும் ஒரு துண்டுக் கடதாசி வரும். ஒரே கையெழுத்து. "உனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று எனக்குத் தெரியும்." "மிச்சத்தை நீதான் வாசிக்க வேண்டும்."

பாவித்த பொருட்களைத் தருகிறாளே, கஞ்சப் பிறவி போல என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தக் கிறீமை நான் பூசவில்லை. பள்ளத்துக்கு மேல் என் விரலை வைத்துப் பார்த்தேன், சரியாகப் பொருந்தியது. மூடிவிட்டேன்.

சனிக்கிழமை பின்னேரம் எல்லோரையும் கீழ்மண்டபத்தில் நிற்க வைத்து, ஆளுக்கொரு கம்பளி நூலின் நுனியைக் கையில் தந்தார்கள். பதினொரு நிறங்கள். நூலைச் சுற்றிக்கொண்டே போனால் மறுமுனையில் அக்கா இருப்பாள். நூல்கள் கதிரைக் கால்களைச் சுற்றி, கதவுகளுக்கு அடியால், படிக் கைபிடியில் ஏறிப் போயின. கொஞ்ச நேரத்தில் வீடெல்லாம் கூச்சலும் சிரிப்பும். ஒவ்வொருத்தியாகத் தன் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

என்னுடைய நூல் வெள்ளை. அது முதலாம் மாடியைத் தாண்டியது. இரண்டாம் மாடியையும் தாண்டியது. நான் ஏற ஏறக் கீழே சிரிப்புச் சத்தம் குறைந்தது. ஒரு கட்டத்தில் எல்லோரும் சேர்ந்தே நிறுத்திவிட்டார்கள் என்று விளங்கியது. படியின் அடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நூல் சரிவான கூரை கொண்ட சிறிய அறைக்குள் போனது. அங்கே கதிரையில் ஒரு பெண்மணி இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சங்கத்தின் எழுத்துப் போட்ட ஸ்வெட்டரை அணிந்திருந்தார். அது அவருக்குச் சின்னது. தலைமயிரைச் சிறு பெண்களைப் போல இரண்டு பக்கமும் கிளிப் போட்டு ஒதுக்கியிருந்தார். நூல் உருண்டை அவர் மடியில்.

"என் மகளுக்கு ஒரு தங்கை வர இருந்தாள்," என்றார். "அவளால் வர முடியவில்லை. அதனால் நான் வந்தேன்."

அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். கிறீமின் வாசனை வந்தது.

பிறகு தலைவி எனக்கு விபரம் சொன்னாள். மகள் இதே சங்கத்தில் இருந்த இரண்டாம் வருட மாணவி. இரண்டு மாரிக்கு முன், பனி கொட்டிய நாட்களில், காய்ச்சல் என்று படுத்து மூன்றாம் நாள் இறந்துபோனாள். மகளின் இடத்தில் தான் அக்காவாக இருக்கலாமா என்று தாய் கேட்டபோது இவர்களால் மறுக்க முடியவில்லை.

"ஏன் என்னைத் தெரிந்தெடுத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"நீ மாட்டேன் என்று சொல்லமாட்டாய் என்று நினைத்தோம்," என்றாள்.

அவள் நினைத்தது சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தாய் காரில் லாசாலுக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டு தன் வீடு இருந்த டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்குப் போவார். நாங்கள் குடும்பமாக முருகன் கோயிலுக்குப் போகும் அதே வழி. அவர் வீட்டில் அவரும் ஒரு கிழட்டு நாயும்தான். சூப் தருவார். பிறகு மகளின் அறையில் இருந்து படிக்கச் சொல்வார். மகளின் மேசை, மகளின் விளக்கு. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் எனக்கென்று மேசை இல்லை. எனக்காக ஒருவர் வாசலில் கார் கொண்டுவந்து காத்திருந்ததும் இல்லை.

முதல் ஞாயிறு நாய் என்னைப் பார்த்து விடாமல் குரைத்தது. மூன்றாவது ஞாயிறு, என் காலில் அந்தச் சாம்பல் காலுறை இருந்தது, நாய் குரைக்காமல் வந்து என் பாதத்தில் தலையை வைத்துப் படுத்தது. அன்றைக்கு வெளியே ஈரப் பனி கொட்டியது. என் கோட் மெல்லியது என்று சொல்லி, அவர் மகளின் நீலக் கோட்டைப் போட்டு அனுப்பினார்.

வீட்டுக் கதவைத் திறந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இது ஆரின்ரை கோட்?"

அதுவரை சங்கத்து அக்காவின் வீடு என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அன்று உள்ளதைச் சொன்னேன்.

"செத்த பிள்ளையின்ரை உடுப்போடை உள்ளுக்கை வராதை," என்றார் அம்மா. "கழட்டு. பல்கனியிலை கொழுவு."

நனைந்திருந்த கோட்டைப் பல்கனிக் கம்பியில் கொழுவிவிட்டுப் படுத்தேன். விடிய, துறைமுகத்துக்கு வேலைக்குப் புறப்பட்ட அப்பா என்னை எழுப்பினார். அவர் லொறி ஓடுபவர், எதற்கும் பயப்படமாட்டார்.

"பல்கனியிலை ஆரோ நிக்கினம்," என்றார், மெதுவாக.

கோட் உறைந்து விறைத்திருந்தது. தோள்கள் நிமிர்ந்து, கைகள் உடம்பிலிருந்து சற்று விலகி, ஒரு பெண் கண்ணாடிப் பக்கம் திரும்பி நிற்பதுபோல இருந்தது. அப்பா அதைத் தூக்கி லொறியில் வைத்துக்கொண்டு போனார். என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. அந்தத் தாயும் கோட் எங்கே என்று என்னிடம் கேட்கவில்லை.

பங்குனி மாதம் ஒரு ஞாயிறு. வெளியில் நல்ல வெயில், கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டுகிற சத்தம். நான் மகளின் மேசையில் கணக்குச் செய்துகொண்டிருந்தேன். கீழேயிருந்து அந்தத் தாய் கூப்பிட்டார். "வருகிறேன், இன்னும் ஒரு நிமிடம்" என்று ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு எழுந்து படி இறங்கினேன். பாதிப் படியில் கால் நின்றுவிட்டது. அவர் கூப்பிட்டது என் பெயரை அல்ல. மகளை வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரை. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை அதற்கு முன் ஒருமுறையோ இருமுறையோதான் கேட்டிருப்பேன். ஆனாலும் என் வாய் உடனே பதில் சொல்லியிருந்தது.

அவர் படியின் அடியில் நின்றார். முகத்தில் திடுக்கிட்ட அடையாளமே இல்லை.

"சூப் ஆறுகிறது," என்றார்.

நான் சூப்பைக் குடித்தேன். இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவள் அப்படித்தான் பிடிப்பாள் என்றார்.

அடுத்த நாள் தலைவியிடம் போய் விலகுகிறேன் என்று சொன்னேன். அவள் காரணம் கேட்கவில்லை. சங்க வீட்டுக் கதவுத் திறப்பைக் கொடுத்துவிட்டு மறுபடியும் பின்படிக்கட்டுக்குப் போனேன். அந்தத் தாய்க்கு ஒரு கடிதம் எழுதினேன், படிப்பு கூடிவிட்டது என்று. பதில் வரவில்லை. முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்த இலையுதிர்காலம், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேர வகுப்பு நடக்காததால் நேரத்தோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா குசினியில் ரெலிபோனைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலையில் ஒரு கார்டெரியில், பிள்ளைகளைப் பார்க்கும் இடத்தில், அவருக்குச் சமையல் வேலை. அங்கே பொறுக்கிய இங்கிலிஷ்தான் அவருக்குத் தெரிந்தது.

"யெஸ். ஷீ ஈற். ஷீ ஸ்லீப் குட். நோ, நோ கோல்ட்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரல் தணிவாக, பழகியதாக இருந்தது. என்னைக் கண்டதும் "பை" சொல்லி வைத்தார்.

"ஆரம்மா?"

"அந்தப் பொம்பிளைதான்."

"எப்ப தொடக்கம் எடுக்கிறா?"

"நீ அங்கை போறதை விட்டாப் பிறகு. கிழமைக்கு ஒருக்கா எடுப்பா."

"என்ன கேக்கிறா?"

"பிள்ளை சாப்பிட்டதோ, நித்திரை கொண்டதோ, குளிருக்கு வடிவாப் போட்டுக்கொண்டு போனதோ எண்டு. நான் ஓம் எண்டு சொல்லுறன்."

"எந்தப் பிள்ளையை?"

அம்மா அரிசியைக் கழுவத் தொடங்கியிருந்தார். தண்ணீரை இரண்டு தரம் வடித்தார்.

"நான் அதைக் கேக்கேல்லை," என்றார்.

நம்பரை மாற்றச் சொல்லிச் சண்டை பிடித்தேன். அம்மா கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை அழைப்புகள் இன்னும் இரண்டு மாரிக்கு வந்தன. அந்த நேரங்களில் நான் வீட்டில் இருந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். பிறகு ஒரு செவ்வாய் மணி அடிக்கவில்லை. அடுத்த செவ்வாயும் இல்லை. அம்மா ஒரு மாதம் வரை, செவ்வாய்தோறும் அழைப்பு வரும் மூன்று மணிக்குக் குசினியை விட்டு அசையாமல் நின்றார், வெட்டத் தேவை இல்லாவிட்டாலும் வெங்காயத்தை எடுத்து வைத்துக்கொண்டு.

"நீயாவது ஒருக்கா எடுத்துப் பார்," என்றார் ஒருநாள்.

ரெலிபோனைக் கையில் எடுத்தேன். அந்தப் பக்கம் யாராவது எடுத்தால், யார் பேசுவதாகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வைத்துவிட்டேன்.