கடல் பர்த்டே

போன வாரம் என் மகளின் ஆறாவது பிறந்தநாளைப் பற்றிப் பேச, பார்ட்டி ஏற்பாடு செய்யும் கம்பெனியிலிருந்து ஒருவர் வைட்ஃபீல்டில் உள்ள எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்திருந்தார். டைனோசர், விண்வெளி, இளவரசி, கடல் என்று டேப்லெட்டில் தீம்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். புடவைக் கடையில் உட்கார்ந்த மாதிரி எனக்கும் ஒன்றும் முடிவாகவில்லை. கடைசியில் கடல் என்றேன். உடனே பையிலிருந்து ஒரு நீலத் துணியை எடுத்து உதறினார். புதுத் துணியின் கஞ்சி வாடை அறை முழுக்கப் பரவியது. துணியை மடித்துக்கொண்டே கேட்டார்: "பில்டிங் கிட்ஸ் மட்டும்தானே மேடம்? வேலைக்கு வர்றவங்க பசங்கன்னா அசோசியேஷன்ல ஒத்துக்க மாட்டாங்க."

அவரைக் குறை சொல்ல முடியாது. போகிற அபார்ட்மென்டிலெல்லாம் கேட்டதை ஒப்பித்தார், பாவம். காபி கொடுத்து, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஆனால் அன்று நான் வைத்த ரசத்தை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை. கோபத்தில் சமைத்தால் எனக்கு உப்பு அளவில் நிற்காது.

அந்தக் கஞ்சி வாடை எங்கள் செல்வி அத்தையுடையது. அப்பாவின் தங்கை. திருப்பத்தூரிலிருந்து வந்து, பொம்மனஹள்ளியில் எங்களோடு தங்கி, கார்மென்ட்ஸில் தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தால் துணிக்கடையே உள்ளே வந்த மாதிரி இருக்கும். தலைமுடியில்கூட நூல் பிசிறு. ஒரே கேட்டுக்குள் வரிசையாக ஷீட் போட்ட வீடுகள், பொதுக் குழாய், மாடியில் ஓனர் குடும்பம் என்று இருந்த வளாகம் அது. கன்னடத்தில் வட்டாரா என்பார்கள். அந்த வட்டாராவில் எந்தக் குழந்தைக்குப் பிறந்தநாள் வந்தாலும் அத்தைதான் பொறுப்பு.

தீம் என்ற சொல் எங்களுக்குத் தெரியாது. காட்டு பர்த்டே, ரயில் பர்த்டே என்றுதான் பெயர். காட்டு பர்த்டேவுக்குத் துணிக்கொடி முழுக்கப் பச்சைக் கட் பீஸ்கள் தொங்கும். ஏதாவது மிருகத்தின் குரல் கொடுத்தால்தான் உள்ளே விடுவாள். நான் ஒட்டகம் என்றேன். ஒட்டகம் எப்படிக் கத்தும் என்று தெரியாததால் நெடுநேரம் வெளியிலேயே நின்றேன். ரயில் பர்த்டேவில் எல்லா வீட்டு ஸ்டூலும் முற்றத்தில் வரிசையாக நிற்கும். ஜோலார்பேட்டை வந்ததும் என் அம்மா மெதுவடைத் தட்டோடு ஏறுவாள். அதைத் தின்பதற்காகவே அந்த ரயில் ஜோலார்பேட்டையைத் தாண்டாமல் நின்றுகொண்டிருக்கும்.

மாடி வீட்டு ஆஷாவும் இதற்கெல்லாம் வருவாள். அவளுக்கு என் வயது. ஒரு வருஷம் அவள் பிறந்தநாளுக்கு ஓனரம்மாவே இறங்கி வந்து, செல்வி, ஆஷாவுக்கும் ஒண்ணு நல்லா செஞ்சு கொடு என்று கேட்டாள். அத்தைக்குத் தாங்க முடியாத சந்தோஷம். கடல் என்று முடிவாயிற்று. சூப்பர்வைசரிடம் கேட்டு, கழித்துப்போட்ட நீல லைனிங் துணியை வாங்கி வந்து, ஷிப்ட் முடிந்த களைப்போடு உட்கார்ந்து ஒரே விரிப்பாகத் தைத்தாள். வட்டாராப் பிள்ளைகள் எல்லோரும் அதில் தொங்கவிடத் துணி மீன் வெட்டினோம். பட்டனில் கண், லேஸில் செதில். மாடி ஹாலின் நான்கு மூலையிலும் கயிறு கட்டி அந்தத் துணியைத் தூக்கியபோது, அண்ணாந்து பார்த்த எங்களுக்கு நிஜமாகவே தண்ணீருக்கு அடியில் நிற்பது போல இருந்தது. எங்களில் ஒருவரும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை.

பிறந்தநாளன்று நாங்கள் மீனும் ஆமையுமாக வேஷம் கட்டிப் படியேறினோம். நான் நண்டு. இடுப்பில் கட்டிய கால்களில் இரண்டு முதல் படியிலேயே அவிழ்ந்துவிட்டன. மேலே கதவருகில் ஓனரம்மா நின்றிருந்தாள். உள்ளே ஆஷாவின் ஸ்கூல் பிள்ளைகளும் அவர்களுடைய அப்பா அம்மாக்களும் இருந்தார்கள்.

"செல்வி, கீழ்வீட்டுப் பசங்க இப்போ வேணாம்" என்றாள் தணிந்த குரலில். "அப்புறமா கேக் அனுப்பிடறேன். நீ மட்டும் வா, ஜூஸ் கொடுக்க ஆள் இல்ல."

அத்தை எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "மீனெல்லாம் இவங்க வெட்டினது, அக்கா."

"அதுக்கென்ன இப்போ? நல்லாத்தான் வெட்டியிருக்காங்க."

அத்தை உள்ளே போனாள். ஜூஸ் தட்டை எடுக்கப் போகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மூலைக் கயிற்றை அவிழ்த்தாள். இறங்கி, ஸ்டூலை நகர்த்தி, அடுத்த மூலை. யாரும் தடுக்கவில்லை, அலங்காரத்தில் ஏதோ சரிசெய்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். நாலாவது மூலையும் விழுந்ததும் துணியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் படியிறங்கினாள். லேஸ் மீன்கள் படியெல்லாம் உதிர்ந்தன.

முற்றத்தில் தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே அதைக் கட்டினாள். நாங்கள் அடியில் உட்கார்ந்தோம். அம்மா வீட்டிலிருந்த அவலை வெல்லம் போட்டுக் கிளறிக் கொடுத்தாள். சற்று நேரத்தில் சரிகை கவுனோடு ஆஷா இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேலிருந்து அவள் அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவள் அப்பா வந்து, எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல், அவளைத் தூக்கிக்கொண்டு போனார். அழவிடாமல் அவள் வாயைப் பொத்திக்கொண்டு போனார். அந்தக் கை இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

மறுநாளே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அப்பா மாடிக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். பலிக்கவில்லை. கோபத்தை அவர்களிடம் காட்ட முடியாமல் அத்தையிடம் காட்டினார். "தைக்க வந்தவ தைச்சோமான்னு இருக்கணும். உன்ன யார் இந்த வேலையெல்லாம் பாக்கச் சொன்னது?" புது வீட்டில் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும்போதெல்லாம் இதே பேச்சு. குனிந்தே கேட்டுக்கொள்வாள். ஓனரம்மாவைக்கூட ஒரு நாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். அப்பாவை அந்த ஒரு விஷயத்தில் என்னால் முடியவில்லை. எனக்கு அடுத்த பிறந்தநாள் வந்தபோது அத்தை கோயிலுக்குக் கூட்டிப்போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். அவ்வளவுதான். பிறகு யாருக்கும் எதுவும் செய்யவில்லை.

அந்த வட்டாராவை எப்போதோ இடித்துவிட்டார்கள். இப்போது ஐந்து மாடியில் பி.ஜி. ஹாஸ்டல் நிற்கிறது. அதற்காக நான் வருத்தப்படுவதில்லை. அந்தப் படிக்கட்டு போனது நல்லதுதான். அத்தையும் இப்போது இல்லை. ஓசூருக்குக் கல்யாணமாகிப் போய், பிள்ளைகளை வளர்த்து, ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள்.

என் கல்யாணத்துக்கு வந்திருந்தாள். மேடை வெறிச்சென்று இருக்கிறது, நீங்கள் கார்மென்ட்ஸில் இருந்தவர்தானே, ஏதாவது துணி கட்டி அழகு பண்ணுங்களேன் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள்.

"எனக்கு அதெல்லாம் வராதுங்க" என்றாள் அத்தை. "வேற யாரையாவது கேளுங்க."

மாலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு முகமெல்லாம் ரத்தம் ஏறியது. பெண்ணுக்கு வெட்கம் என்று சொல்லி போட்டோகிராபர் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.