அம்மாட்ட வாங்கோ

எனக்கு நாய் என்றாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பெரிய சீவகாருண்யக்காரி என்று நினைக்கக் கூடாது. ஊரில் எங்கள் வீட்டு நாய் முற்றத்தோடு சரி. விறாந்தையில் கால் வைத்தால் தும்புத்தடி பறக்கும். அப்படிப்பட்ட நான், சுவிஸில் ஒரு வேட்டை நாயைக் கையில் பிடித்துக்கொண்டு, பச்சைத் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் நடுவில் சோதனைக்கு நின்றேன். எல்லாம் ஒரு கிழவருடைய இடுப்பெலும்பு முறிந்ததால் வந்த வினை.

கிழவரின் வீடு லாங்கன்தாலுக்கு வெளியே, வயல்களை ஒட்டி இருந்தது. மர ஆலை வைத்திருந்து ஓய்ந்தவர், மனைவி இல்லை. கிழமையில் மூன்று காலை அங்கே எனக்குத் துப்புரவு வேலை. என் கணவருக்கு, இனி இவர் என்றே எழுதுகிறேன், வாய்க்கு அதுதான் வருகிறது, தொழிற்சாலையில் இரவு வேலை. நாங்கள் இரண்டு பேரும் வந்து சேர்ந்துவிட்டோம். மகள் வரவில்லை. மூன்று வயதில் அவளை யாழ்ப்பாணத்தில் என் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன். ஆறு மாதத்தில் கூப்பிடலாம் என்று இவர் சொன்னார், நானும் நம்பினேன். ஆறு மாதம் இரண்டு வருடமாகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளையும் வாங்கோ, இருங்கோ, சாப்பிடுங்கோ என்றுதான் சொல்லுவோம். நாங்கள் மரியாதையாகக் கதைத்தால்தான் அதுகளும் மரியாதையாகக் கதைக்கும். "ராசாத்தி, அம்மாட்ட வாங்கோ." மகளை நான் கூப்பிடுவது அப்படித்தான். எந்த வீட்டு வளவுக்குள் நின்று விளையாடினாலும் அந்தச் சொல்லுக்கு ஓடி வந்து என் வயிற்றில் முட்டுவாள்.

ஒருமுறை அக்கா என் பிள்ளையின் குரலைக் கசெற்றில் பதிந்து, வருகிற ஆள் ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். பிள்ளை ஒரு தேவாரம் படித்தது. படித்து முடித்துவிட்டு, இவ்வளவும் போதுமா என்பதுபோல, "அம்மா, காணுமோ?" என்று கேட்டது. நான் எங்கள் அறைக்குள் இருந்துகொண்டு, "காணும் ராசாத்தி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கசெற்றுக்குள் இருந்து அக்காவின் குரல், "காணும் செல்லம்" என்றது. அவள் அம்மா என்றது அக்காவை. இவர் கசெற்றை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பிள்ளையைப் பற்றிய கதையே நின்றுபோனது. கதைத்தால் நான் அழுவேன், நான் அழுதால் இவர் கத்துவார்.

அந்தக் கோடையில்தான் கிழவர் செர்ரி பிடுங்கப்போய் ஏணியிலிருந்து விழுந்தார். ஆசுபத்திரியிலிருந்து இரண்டு ஊன்றுகோலோடு வந்தவருக்குக் கழிவறைக்குப் போய் வருவதே பெரும்பாடு, அவருடைய வேட்டை நாயை யார் வெளியே கொண்டுபோவது? அது என் தலையில் விழுந்தது. கபில நிறப் பெட்டை நாய், நெஞ்சில் வெள்ளைப் புள்ளிகள். புல்லுக்குள் ஒரு பறவை பதுங்கியிருந்தால் மணத்தில் கண்டுபிடித்து, ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். வேட்டைக்காரனுக்கு வழிகாட்டுவது அதன் தொழில். என்னைக் கண்டால் மட்டும் அதற்கு ஒரு இளக்காரம். கிழவர் "ஹியர்" என்றால் ஓடிவரும். நான் அதே சொல்லைச் சொன்னால், இது எங்கேயிருந்து வந்தது என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் பாட்டில் போகும்.

ஒருநாள் காலை நல்ல பனிமூட்டம். வயலில் கயிற்றை அவிழ்த்துவிட்டேன், நாய் போனது போனதுதான். ஹியர் என்றேன். வா என்றேன். சனியனே வா என்றும் கேட்டுப் பார்த்தேன். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கிழவரின் நாயைத் தொலைத்துவிட்டேன் என்ற பயத்தில் அந்த ஈர மண்ணிலேயே இருந்துவிட்டேன். அழுகை வந்தது. அழுகையோடு அழுகையாக, "ராசாத்தி, அம்மாட்ட வாங்கோ" என்று வாய் சொல்லிவிட்டது. நாயைத்தான் கூப்பிட்டேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் பனிக்குள்ளிருந்து நாய் வந்தது. வந்து ஈரத் தலையை என் மடியில் வைத்தது.

அந்த இடத்திலேயே வாயில் இரண்டு போட்டுக்கொண்டு எழும்பியிருக்க வேண்டும். நான் இன்னொருமுறை சொன்னேன். ருசி கண்டுவிட்டது வாய். அதற்குப் பிறகு நாளும் பொழுதும் வயலுக்குப் போவதே அதைச் சொல்லத்தான். வீட்டில் சொல்ல முடியாத சொல்லை வயலில் வாய் நிறையச் சொன்னேன், ஒவ்வொரு தரமும் ஒரு உயிர் ஓடி வந்தது. திரும்பி வரும்போது எனக்கே என்னைப் பிடிக்காது. பெற்ற பிள்ளையின் சொல்லைத் தூக்கி நாய்க்குக் கொடுத்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டு கிழவரின் குசினியைத் தேய்ப்பேன்.

கிழவருக்கு சூரிக்கில் ஒரு மகன். நடக்க முடியாத மனிதனுக்கு நாய் எதற்கு என்று அவன் தொடங்கிவிட்டான். இரண்டு பேரும் சண்டை பிடித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். இலையுதிர் காலத்தில் அந்த ஊர் வேட்டைச் சங்கம் நாய்களுக்குச் சோதனை வைக்கும். நாய் தேறினால் சங்கத்து ஆட்கள் வேட்டைக்குக் கூட்டிப் போவார்கள், நாய் கிழவரோடு இருக்கலாம். தேறாவிட்டால் மகன் கொண்டுபோய் யாருக்காவது கொடுத்துவிடுவான். கிழவர் யன்னலால் நாய் என்னிடம் ஓடி வருவதைப் பார்த்திருக்கிறார். நீதான் போக வேண்டும் என்றார். என்னால் ஏலாது என்றேன். நடுவரிடம் கேட்டாயிற்று, எந்தப் பாஷையில் கூப்பிட்டாலும் சரியாம் என்றார். அவருக்காகச் சம்மதித்தேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது பொய். நாய் போய்விட்டால் நான் யாரைக் கூப்பிடுவது? வெட்கம் கெட்ட காரணம், அதுதான் காரணம்.

இவர் குதித்தார். நாய் மேய்க்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள் என்றார். எங்கட சனம் கண்டால் முகம் காட்ட ஏலாது என்றார். ஆனாலும் அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் என்னைத் தனியே விட மனமில்லாமல், இரவு வேலை முடித்த கையோடு, நித்திரைக் கண்ணோடு கூடவே வந்தார்.

வயல் விளிம்பில் கார்கள் நின்றன. சோளம் வெட்டி முடிந்த நிலம், அதற்கு அப்பால் லொறி ஓடுகிற பெரிய றோட்டு. ஆட்கள் கோப்பிக்குள் எதையோ ஊற்றிக் குடித்துக்கொண்டு நின்றார்கள். நான் இவருடைய சப்பாத்துக்குள் கடதாசி அடைத்துப் போட்டிருந்தேன், நெற்றியில் பொட்டு. எல்லோரும் ஒருதரம் என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் நாயைப் பார்த்தார்கள். கிழவர் மடக்குக் கதிரையில் போர்வையோடு இருந்தார். இவர் கிழவரின் பின்னால் கொலரை உயர்த்திக்கொண்டு நின்றார்.

முதலில் நாய் என் காலோடு ஒட்டி நடக்க வேண்டும், நடந்தது. அடுத்தது வெடிச் சத்தம், அதற்கு நாய் பயப்படக் கூடாது. யாழ்ப்பாணத்தாள், விழுந்து படுத்திருப்பாள் என்று நீங்கள் நினைப்பீர்கள். வெடி வரப்போகிறது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள், நான் கட்டை மாதிரி நின்றேன். நாயும் நின்றது. இவருக்குத்தான் யாரும் சொல்லவில்லை. மனுசன் கிழவரின் கதிரைக்குப் பின்னால் தலையைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எவ்வளவோ நல்லாயிருந்திருக்கும். ஒருவர் வந்து கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார், இவர் காற்சட்டையைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்க்காமல் நின்றார்.

பிறகு தேடல். நாயை விட்டேன். வயலைக் குறுக்கும் நெடுக்குமாக அழகாக மணம் பிடித்துக்கொண்டு போனது. நடுவர் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து ஒரு முயல் எழும்பியது.

முயல் றோட்டுப் பக்கம் ஓடியது, நாய் அதன் பின்னால். இப்போது கூப்பிடு என்றார் நடுவர். முயலை விட்டுவிட்டுத் திரும்பி வந்தால்தான் தேறும். கிழவர் தந்த கொம்பு விசிலை ஊதினேன், எச்சில்தான் வந்தது. "ஹியர்" என்று கத்தினேன். "வா" என்று கத்தினேன். நாய் காதைக்கூட அசைக்கவில்லை. தூரத்தில் லொறி ஒன்று வருவது கேட்டது. கிழவர் ஊன்றுகோலை மறந்து எழும்பப் பார்த்தார்.

எந்தச் சொல்லுக்கு வரும் என்று எனக்குத் தெரியும். என் முதுகுக்குப் பின்னால் இவர் நிற்கிறார் என்பதும் தெரியும். அந்த ஒரு கணம் நாய் செத்தாலும் சாகட்டும் என்றுகூட நினைத்தேன். பிறகு என்னால் முடியவில்லை.

"ராசாத்தி, அம்மாட்ட வாங்கோ."

நாய் நின்றது. திரும்பியது. முயல் தன் பாட்டில் றோட்டைக் கடந்து போக, நாய் காது பறக்க ஓடி வந்து, வழக்கம்போல என் வயிற்றில் தலையை முட்டியது.

ஆட்கள் கைதட்டினார்கள். நடுவர் நல்ல மனிதர், சிவந்த முகம் முழுக்கச் சிரிப்போடு வந்து, அது என்ன சொல் என்று கேட்டார். எங்கள் நாட்டில் நாயை இப்படித்தான் கூப்பிடுவோம் என்று எனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் சொன்னேன். அவருக்குச் சந்தோசம். "வாங்கோ" என்று சொல்லிப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர்களும் தங்கள் தங்கள் நாய்களைப் பார்த்து "வாங்கோ, வாங்கோ" என்றார்கள். ஒரு நாய் உண்மையிலேயே வாலை ஆட்டிக்கொண்டு போக, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் பிள்ளையைக் கூப்பிடுகிற சொல் அந்த வயல் முழுக்க நாய்களுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது எனக்கு.

நாய் தேறிவிட்டது. கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சங்கத்துக்காரர் எனக்கு ஒரு சுற்று இறைச்சிச் சொசேஜ் தந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் இவருக்குப் பக்கத்தில் இருந்தேன். வழியெல்லாம் இவர் கண்ணாடியால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. இறங்குகிற இடம் வரும்போது, மிக மெல்லமாகக் கேட்டார்.

"அவள் வந்தால் என்னெண்டு கூப்பிடப் போறீர்?"

நான் சொசேஜைத் தூக்கிக்கொண்டு இவருக்கு முன்னால் இறங்கிவிட்டேன்.

அதற்கடுத்த வருடக் கடைசியில், தெரிந்த குடும்பம் ஒன்றோடு மகள் வந்து சேர்ந்தாள். சூரிக் விமான நிலையத்தில், கூட்டிவந்த பெண்ணின் சீலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள். நான் குனிந்து வாயைத் திறந்தேன். நாய்கள் ஓடின வயல்தான் கண்ணுக்குள் வந்தது. "வா" என்றேன், அவளுடைய பேரைச் சொல்லி, அயல்வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல.

அதற்குப் பிறகு வா, இரு, சாப்பிடு, படு என்றேதான். வாங்கோ என்று ஒரு நாளும் சொல்லவில்லை. சொன்னால் அவளை நாயோடு வைத்ததாகிவிடும் என்று எனக்குள் ஒரு பைத்தியக்கார எண்ணம். அவளும் என்னை அம்மா என்று சொல்லவில்லை. ஏதும் தேவையென்றால் என் உடுப்பைப் பிடித்து இழுப்பாள். ஒரு நாள் குளியலறையில் நின்றேன், சாப்பாட்டு மேசையில் அவள் இவரிடம் கேட்டது காதில் விழுந்தது.

"அப்பா, அவ ஏன் என்னோட கோவம்?"

அவ. அக்காதான் அம்மா, நான் அவ. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், சத்தம் கேட்கக் கூடாதென்று.

மாசி மாதம், பள்ளிக்கூட விடுமுறை. பார்க்க ஆளில்லாமல் பிள்ளையைக் கிழவர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். குசினி மேசையில் சூடான பாலும் கொடுத்து, நிறப் பென்சிலும் கொடுத்து இருத்திவிட்டு, குப்பை கொட்ட முற்றத்துக்கு வந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லைப்போலும், நாய் என்னைத் தாண்டி வெளியே பாய்ந்துவிட்டது. படலை திறந்து கிடந்தது. றோட்டில் பனி தள்ளுகிற வண்டி வருகிறது. யோசிக்க எங்கே நேரம்?

"ராசாத்தி, அம்மாட்ட வாங்கோ."

நாய் படலையில் நின்று திரும்பியது. அதே நேரம் என் பின்னால் குசினிக்குள் கதிரை விழுகிற சத்தம்.

"வாறன் அம்மா."

சப்பாத்தில்லாமல் காலில் வெறும் மேஸோடு பனிக்குள் ஓடி வந்தாள். வந்து என் வயிற்றில் முட்டினாள். ஒரு வருடமா இரண்டு வருடமா, நாலு வருடம் கழித்து முட்டினாள். நான் தூக்கிக்கொண்டேன். நாயும் வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மூக்கை நுழைத்தது, அதைக் காலால் தள்ளிவிட்டேன். பாவம், கூப்பிட்டதற்கு வந்த நாய் அது. பிள்ளை என் கழுத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "இப்ப கோவம் இல்லையோ?" என்று கேட்டது. இல்லையென்று தலையாட்டினேன். வேறு என்ன சொல்ல? உன்னைக் கூப்பிடவில்லை என்று சொல்லவா?

அன்றிரவு இவரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். "இனி நீர் அவளை அப்படியே கூப்பிடும்" என்றார்.

கிழவர் போய்விட்டார், நாயும் போய்விட்டது. மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். எங்கள் வீட்டுக்கு வந்து இருக்கும்போது, சுவிஸுக்கு வந்த புதிதில் அம்மா தன்னோடு கோவம் என்று நினைத்ததையும், ஒருநாள் பனிக்குள் நின்று ராசாத்தி என்று கூப்பிட்டதையும், தான் சப்பாத்தில்லாமல் ஓடிப்போனதையும் அதுகளுக்குச் சொல்லுவாள். பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும். அவள் அந்த இடத்துக்கு வந்ததும் இவர் எழும்பித் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விடுவார். நான் இருந்து முழுவதையும் கேட்பேன்.