ஜோர்தானிலிருந்து வந்த நாய்

"அண்ணே, ஒங்களுக்கு ஒரு நாய் கொண்டு வாறேன்" என்று தங்கச்சி ஜோர்தானிலிருந்து போனில் சொன்னபோது அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாலு வருஷமா அடுத்தவங்க வீட்டுல ஒழைச்சிட்டு வாரவ நாயா கொண்டு வாரா? நம்ம லயத்து வீட்டு வாசல்ல சுத்துறது பத்தாதா?"

அதை விமானத்தில் எப்படி ஏற்றுவார்கள் என்று நானும் யோசித்தேன். வீட்டுக்கு வந்து சூட்கேசைத் திறந்தவள், துணிகளுக்கு நடுவிலிருந்து ஒன்றரை முழ நீளத்தில் ஒரு நாணல் குழலை எடுத்து நீட்டினாள். அந்த ஊரில் அதற்குப் பெயரே நாய்தானாம். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

எனக்குக் குழல் பைத்தியம் உண்டு. தெமோதரைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் பஜனையில் இருபது வருஷமாகப் புல்லாங்குழல் வாசிக்கிறவன் நான். அதைக் கொஞ்சம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறவனும்கூட. நான் வேலை செய்யும் பதுளைக் கடைக்கு வரும் சிங்கள நண்பர் ஒருவர் பட்டநலாவ என்கிற அவர்களுடைய மூங்கில் குழல் ஒன்று தந்தார். எடுத்த எடுப்பிலேயே வாசித்துவிட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊதும் ரெக்கோடர் குழலில் காற்றுக்கு வழி வெட்டியே வைத்திருக்கிறார்கள், யார் ஊதினாலும் சத்தம் வரும். கொரியாவுக்கு வேலைக்குப் போன கூட்டாளி கொண்டு வந்த குழலில் மேல் விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு. அதில் உதட்டைப் பொருத்தப் பழகுவதற்கு ஒரு கிழமை பிடித்தது. எந்த நாட்டுக் குழலானாலும் காற்று போய் மோதுகிற இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை என்று அப்போதே முடிவு கட்டியிருந்தேன்.

நாயில் அந்த இடமே இல்லை. இரண்டு பக்கமும் திறந்த வெறும் குழாய், நடுவில் விரல் துளைகள். அவ்வளவுதான்.

தங்கச்சி வேலை செய்த வீட்டுப் பெரியவர் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இதைத்தான் ஊதுவாராம். அவர் ஊதி முடிக்கும்வரை அவளை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்களாம்.

"அவரு செத்துப் போயிட்டாருண்ணே. திரும்பிப் போனா அந்தச் சத்தம் இருக்காது. நான் போறதுக்குள்ள ஒரு தடவ ஊதிக் காட்டுங்க."

அவளுக்கு மூன்று கிழமைதான் லீவு. இதென்ன பெரிய காரியம் என்றேன். நேராக வைத்து ஊதினேன், பக்கவாட்டில் வைத்து ஊதினேன், தலை சுற்றும்வரை ஊதினேன். வெறும் காற்றுதான் வந்தது. கடையில் வேலையில்லாத நேரத்தில்கூட உதட்டைக் குவித்துக்கொண்டு நின்று முதலாளியிடம் ஏச்சு வாங்கினேன். தங்கச்சி முதலில் தினமும் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அவள் கேட்காமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவள் புறப்படும் நாளுக்கு முந்தின சாயங்காலம் எரிச்சலில் அதை அடுப்படிச் சுவரில் சாத்திவிட்டுப் போய்விட்டேன். அது ஊதாங்குழல் வைக்கிற மூலை என்பது எனக்கு நினைவில்லை.

விடிந்ததும் அவளை ஏற்றிப்போகும் வான் வண்டிக்குக் காத்திருந்தோம். மழையில் நனைந்த தேயிலை மிலாறுக் குச்சிகள் பற்றாமல் அடுப்படி முழுக்கப் புகை. தங்கச்சி சூட்கேசைக் கட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று உள்ளேயிருந்து கரகரவென்று, நீளமாக ஒரு சத்தம் வந்தது.

"அண்ணே, வந்துருச்சா!" என்று அவள் கத்தினாள். நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

இருவரும் ஓடினோம். அம்மா கையில் நாய். புகையில் கைக்கு அகப்பட்டதை எடுத்து ஊதியிருக்கிறார். கண்ணில் புகை அடிக்காமலிருக்க அம்மா எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, குழலைச் சாய்த்து, கடைவாயால்தான் ஊதுவார். காற்று விளிம்பில் போய் மோதியிருக்கிறது.

"தெரியாம எடுத்துட்டேன்டி. ஓட்ட ஓட்டயா இருந்திச்சு, அப்பவும் எனக்கு வெளங்கல" என்று அம்மா பயந்துபோய்ச் சொன்னார். நுனி கருகியிருந்தது.

"இன்னொருக்கா ஊதும்மா."

அம்மா மகளைப் பார்த்துக்கொண்டே ஊதினார். வெறும் காற்று.

"என்னப் பாக்காத. அடுப்பு ஊதுற மாதிரி ஊது."

மறுபடியும் அந்தச் சத்தம் வந்தது. அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்வரை தங்கச்சி கதவைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

வானில் ஏறும்போது, "கோவிச்சுக்காதீங்கண்ணே, அது அம்மாகிட்டயே இருக்கட்டும்" என்றாள். தலையாட்டினேன். பெற்ற தாய்மேல் பொறாமைப்பட்டதை இப்போது சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

வெள்ளிக்கிழமைதான் அவளுக்கு ஓய்வு நாள். அன்றைக்கு அவள் போனில் கோல் எடுத்தால் முதல் கேள்வி, "அடுப்பு பத்த வச்சாச்சா?" என்பதுதான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு குழலைச் சாய்க்கிறார். இருபது வருஷப் புல்லாங்குழல்காரன் நான் பக்கத்தில் குந்தி, கண்ணில் நீர் வழிய, போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.