அம்மா ஏன் மடி ஏந்தினார்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. துக்க வீட்டில் ஒரு கதையைச் சொல்லிப் பலர் சிரித்தார்கள். "உங்கம்மா சின்ன வயசிலே பெரிய குறும்புலா தம்பி! ஜப்பான்காரன் கும்பிட்டையே கேலி பண்ணிச்சு" என்றார் அம்மா போன பள்ளியில் அப்போது படித்த ஒரு பெரியம்மா. நான் கூச்சக்காரன், அன்று வாய் திறக்கவில்லை. நடந்தது அதுவல்ல. அம்மா என்னிடம் சொன்னதை இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது மலாயாவில் கோலா கெத்தில் பக்கம், ஒரு ரப்பர் தோட்டத்துக் கோயிலை ஒட்டிப் போட்ட கூடாரத்தில். தாத்தா கழைக்கூத்தாடி. தோட்டம் தோட்டமாக நடந்து, சம்பள நாளில் கயிறு கட்டி ஆடிய குடும்பம். ஜப்பான்காரர்கள் வந்ததும், ஊர் சுற்றுகிறவர்களை சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துப் போவார்கள் என்று பயந்து, தாத்தா பாடாங் செராய் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் தங்கிவிட்டார். அம்மாவைப் பள்ளியில் சேர்த்தார். வயது பன்னிரண்டு. உட்கார வைத்ததோ சின்னப் பிள்ளைகளோடு. அதைப் பற்றி அம்மா கவலைப்படவில்லை. தன் பெயரையும் பிறந்த ஊரையும் தானே எழுத வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

முதல் நாள் காலையில் திடலில் எல்லோரும் ஜப்பான் சக்கரவர்த்திக்கு மரியாதையாகக் கிழக்கே பார்த்துக் குனிந்து வணங்கினார்கள். கூத்தாடிகளுக்குக் குனிந்து கும்பிட்டால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். உடனே பிள்ளைகள் காசுக்கு மடி ஏந்திக் கூட்டத்தைச் சுற்றி வர வேண்டும். அம்மாவும் பழக்கத்தில் பாவாடையை ஏந்திக்கொண்டு வரிசை முன்னால் நடந்துவிட்டார்.

"ஏய் கூத்தாடி, காசு இல்லலா! மரவள்ளிக் கிழங்கு போடவா?" என்று வரிசையில் நின்ற பிள்ளைகள் கத்தினார்கள்.

ஜப்பான்காரர்கள் காதுக்குப் போனால் தன் தலை போகும் என்று நடுங்கிய வாத்தியார் ஓங்கி அறைந்தார். "கும்பிடுற இடத்திலே கேலியா? வெளியே போ!"

ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

மறுநாள் பள்ளிக்குப் போகச் சொல்லித் தாத்தா அம்மாவிடம் எவ்வளவோ கெஞ்சினார். "போனா திரும்பவும் மடி ஏந்திருவேன்பா. பயமா இருக்கு" என்று அம்மா அழுதார். அதோடு படிப்பு போயிற்று.

பிறகு பால்மரம் வெட்டி, ரப்பர் பால் எடுத்து எங்களை வளர்த்தார். என்னைப் பள்ளியில் விட்ட அன்று ஆசிரியரிடம் அம்மா சொன்னது ஒன்றுதான்: "தப்பு செஞ்சா அடிங்க சார். ஏன்னு கேட்டுட்டு அடிங்க."

கடைசியாக ஆஸ்பத்திரியிலும் அம்மா வைத்தது கைநாட்டுத்தான்.

நோயில் துணை நின்ற தாதியர்க்கும், பாடை சுமந்த பிள்ளைகளுக்கும், சிரித்த பெரியம்மாவுக்கும்கூட நன்றி. அவராவது இனி இதை வேறு விதமாகச் சொல்லட்டும். இந்த மலரின் அட்டையில் அம்மாவின் பெயரையும் பிறந்த ஊரையும் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். மற்றதெல்லாம் அதற்குக் கீழேதான்.