அம்மா இருந்த இடத்தில் பூச்செடி

போன வருஷம் தை மாத முகூர்த்தத்தில், காஞ்சிபுரத்துக்கு வெளியே பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வரும்.

நான் ஓவியம் படித்தவள். ஊர் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் தாமல். சென்னையில் படிப்பை முடித்து, அங்கேயே ஒரு அனிமேஷன் கம்பெனியில் வேலை பார்த்தேன். கம்பெனியை மூடிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பி, கிடைத்த வேலையை எல்லாம் செய்துகொண்டிருந்தேன். பட்டுக்கடைக்குச் சுவர்ச் சித்திரம், முதல் பிறந்தநாள் குழந்தைக்கு உருவப்படம், பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு மேடைத் திரை. வேலை முடிகிற வரை நான் 'ஆர்ட்டிஸ்ட் மேடம்'. காசு கேட்டால் மட்டும், "ரெண்டு கோடு இழுக்கறதுக்கு இவ்ளோவாம்மா?" அதே கடையில் சீரியல் லைட் மாட்டிய ஆளுக்கு ஏணியிலிருந்து இறங்கும்போதே கையில் பணம் கொடுப்பார்கள். எனக்கு மட்டும் 'நல்ல பேர்' கிடைக்குமாம். அதை வைத்துக்கொண்டு கேஸ் சிலிண்டர் வாங்க முடியுமா?

இதைவிட என்னை அரித்தது வேறொன்று. எனக்காக நான் எதை வரைவது என்றே தெரியவில்லை. சென்னையில் என் படங்களைக் காட்டப்போன இடத்தில், "காஞ்சிபுரமா? அப்போ கோபுரம் வரைங்க, பட்டுப்புடவை கட்டின பொண்ணு வரைங்க. அதான் போகும்" என்றார்கள். வரைந்தேன். கோபுரம், அதன்மேல் புறா, கீழே பட்டுப்புடவைப் பெண். ஒன்றிரண்டு விற்கவும் செய்தது. மற்றதை எல்லாம் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவேன். பார்த்தால் மளிகைக்கடைக் காலண்டர் போல இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் கல்யாண ஏற்பாடுகள் செய்து தரும் ஒருவர் கூப்பிட்டார். வரவேற்பு நடக்கும்போதே மேடைக்கு எதிரில் நின்று, அந்தக் காட்சியை ஓவியமாக வரைந்து கொடுக்க வேண்டும். வசதியானவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் இப்போது அது ஒரு ஃபேஷன். பதினைந்தாயிரம் தருவதாகச் சொன்னார். அட்வான்ஸ் இரண்டாயிரம். நான் வாங்கிய பெரிய கேன்வாஸுக்கும் பெயிண்ட்டுக்குமே அது போதவில்லை. இருந்தாலும் ஒத்துக்கொண்டேன். நல்ல வேலை, நம் ஊரிலேயே, நாலு பேர் பார்க்க வரையப் போகிறோம் என்று ஒரு சந்தோஷம்.

மண்டபத்தில் எனக்கு ஒதுக்கிய இடம் ஐஸ்கிரீம் ஸ்டாலுக்குப் பக்கத்தில். குழந்தைகள் கையெல்லாம் ஐஸ்கிரீமோடு வந்து என் பெயிண்ட்டைத் தொட்டார்கள். கேட்காமலே கூட நின்று செல்ஃபி எடுத்தார்கள். ஒருவர் தன் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "ஏ.ஐ.ல போட்டா ரெண்டே நிமிஷம், எதுக்கும்மா இவ்ளோ கஷ்டப்படறே?" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தேன்.

மணமகளையும் மணமகனையும் ஓரளவு கொண்டுவந்துவிட்டேன். இரண்டு பக்கமும் பெற்றோர் நிற்க வேண்டும். பெண்ணின் அப்பா அம்மா பட்டுக்கடைக்காரர்கள். மாப்பிள்ளை பக்கத்தில் நின்ற தம்பதியைத்தான் அவருடைய அப்பா அம்மா என்று நினைத்தேன். அப்போது என் பின்னாலிருந்து ஒரு குரல்.

"மூக்கு நல்லா வந்திருக்குதும்மா. அவங்க அப்பா மூக்கு."

திரும்பிப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். மங்கலான நிறத்தில் பட்டுப்புடவை. நெற்றியில் வெறும் விபூதி. ரொம்ப நேரமாகக் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து மேடையையே பார்த்துக்கொண்டிருந்தவர். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. மாப்பிள்ளையின் அம்மா அவர்தான். மேடையில் நிற்பது பெரியப்பாவும் பெரியம்மாவும்.

"நீங்க மேடைக்குப் போகலையாம்மா?" என்று கேட்டேன்.

"நான் எங்கம்மா? போட்டோ எடுத்துக்கினு இருக்காங்க இல்ல, நான் போய் நின்னா ஒரு மாதிரி சொல்லுவாங்க" என்றார். ஏதோ மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப் போல, சாதாரணமாக. எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. பெற்று வளர்த்தவர் ஐஸ்கிரீம் ஸ்டால் பக்கத்தில் நிற்கிறார். அங்கே மேடையில், முகம் தெரியாதவர்கள் எல்லாம் மாப்பிள்ளை தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

"உங்களை உங்க பையன் பக்கத்துல வரையட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் மேடையைப் பார்த்தார், என் கேன்வாஸைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "வரைவியா?" என்றார்.

வரைந்தேன். மாப்பிள்ளையின் வலது பக்கத்தில் அவரை நிறுத்தினேன். பெரியப்பாவையும் பெரியம்மாவையும் விடவில்லை, அடுத்து நிறுத்தினேன். அந்த அம்மாவின் முகத்தை வரைந்தபோது, பல வருஷங்களில் முதல் தடவையாக, என் கை எனக்காக வேலை செய்தது. சுற்றி என்ன சத்தம் என்றே தெரியவில்லை.

கூட்டம் குறைந்ததும் ஓவியத்தை மேடைக்கு எடுத்துப்போய் ஸ்டாண்டில் வைத்தார்கள். கை தட்டினார்கள். பெரியப்பா கிட்டே வந்து பார்த்தார். அந்தப் பக்கத்து அரசியலில் கொஞ்சம் செல்வாக்கு உள்ளவர். அவர் முகம் மாறியது.

"யாரைக் கேட்டு இதை வரைஞ்சே?"

"மாப்பிள்ளையோட அம்மாவைக் கேட்டுதான் வரைஞ்சேன் சார்" என்றேன்.

ஏற்பாட்டாளர் ஓடி வந்தார். என்னை ஓரமாக இழுத்து, "அந்தம்மாவை அழிச்சுட்டு அங்க ஒரு பூச்செடி போட்டுடும்மா. பத்து நிமிஷ வேலை. முடிச்சுட்டு காசை வாங்கிக்கினு போய்க்கினே இரு" என்றார்.

பூச்செடி! ஒரு மனுஷி நின்ற இடத்தில் பூச்செடி.

"அழிக்க மாட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அப்போ பேமெண்ட் கிடையாது. இனிமே இந்த ஊர்ல எந்தக் கல்யாணத்துலயும் உனக்கு வேலை கிடைக்காது" என்றார் அவர். சொன்னதைச் செய்யக்கூடிய ஆள்தான்.

எனக்கு ஏற்பாட்டாளர் மேல் வந்த கோபம் கொஞ்சம். பெரியப்பா மேல் வந்தது அதைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் மாப்பிள்ளை மேல் வந்ததற்கு அளவே இல்லை. பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கிறவர். கோட் சூட் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தன் ஷூவைப் பார்த்தபடி நின்றார். நான் பிரஷ்ஷைப் படத்தின் பின்சுவர் நிறத்தில் தோய்த்து எடுத்துப்போய் அவர் கையில் கொடுத்தேன்.

"உங்க அம்மா. அழிக்கணும்னா நீங்களே அழிச்சுடுங்க சார்."

அப்போது அந்த அம்மாவே மேடைக்குக் கீழே வந்து நின்று, "ஏம்மா, எதுக்கு வம்பு? அழிச்சுடும்மா. உன் காசு போயிடப் போவுது" என்றார். என்னிடம் கெஞ்சுகிறார்! அவரை அழிக்கச் சொல்லி அவரே கெஞ்சுகிறார். அந்த நிமிஷம்தான் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

மாப்பிள்ளை பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மாவைப் பார்த்தார். பிறகு பிரஷ்ஷை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, "இருக்கட்டும் பெரிப்பா" என்றார்.

அவ்வளவுதான். 'அம்மா, மேலே வா' என்று கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. மணப்பெண் அவர் காதில் ஏதோ சொன்னாள், அதற்கும் அவர் அசையவில்லை. பெரியப்பா ஓவியத்தைத் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். நான் கேன்வாஸைத் துணியில் சுற்றி, லோடு ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். காசு வராமல் இது என் வீட்டைவிட்டுப் போகாது என்று ஏற்பாட்டாளரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்த வாரம் அவருடைய ஆபீஸுக்குப் போனேன். ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு, "கஸ்டமருக்குத் திருப்தி இல்லன்னா பேமெண்ட் இல்லம்மா. எனக்கே நஷ்டம்" என்றார். பூ வியாபாரிக்கும் மேளக்காரருக்கும்கூட இப்படிச் சொல்வீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் வேலைம்மா" என்றார். அப்போ நான் செய்தது மட்டும் வேலை இல்லையா?

சில நாள் கழித்து எங்கள் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும். ஓவியத்தை வாங்கிப்போக வந்திருந்தார்கள். என் பணத்தைக் கேட்டேன். மாப்பிள்ளை முழித்தார். "கல்யாணத்துக்கு முன்னாடியே அறுபதாயிரம் குடுத்துட்டோமே. உங்களுக்குன்னு சொல்லித்தானே வாங்கினார்?"

அறுபது! எனக்கு அதில் கால்பங்கு, அதுவும் இல்லை என்று விரட்டியிருக்கிறார். நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. மாப்பிள்ளை அப்போதே ஏற்பாட்டாளருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "நேத்தே அனுப்பிட்டேன் சார், சர்வர் பிராப்ளம்னு நினைக்கறேன்" என்றது அந்தக் குரல். அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் பாக்கிப் பணம் என் கணக்குக்கு வந்துவிட்டது. மிச்சத்தை அவர் விழுங்கியது விழுங்கியதுதான்.

ஓவியத்தைக் கொடுக்கும்போது கேட்டேன், "எங்க மாட்டப் போறீங்க?"

"அம்மா ரூம்ல" என்றார் மாப்பிள்ளை.

"ஹால்ல இல்லையா?"

அந்த அம்மாதான் சொன்னார்: "விடும்மா. அவங்க பெரிப்பாதான் இவனைப் படிக்க வெச்சாரு. எதுத்துப் பேச முடியாது. இவங்க அப்பா போனதுலேர்ந்து ஒருத்தரும் என்னை ஒரு கல்யாண போட்டோவுலயும் நிக்க வெச்சதில்ல. என் ரூம்ல இருந்தா எனக்குப் போதும்."

எனக்குப் போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை. படித்துச் சம்பாதிக்கிற மகன் இருக்கிறார், கார் இருக்கிறது, ஆனால் அம்மாவின் படத்தை ஹாலில் மாட்டுகிற தைரியம் அந்த வீட்டில் இல்லை. திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் அது அந்த அம்மாவுடைய படம். பின்சீட்டில் சாய்த்து வைத்த கேன்வாஸை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவர் காரில் போனார்.

அன்று சாயங்காலமே கோபுரப் படங்களை எல்லாம் பரணில் ஏற்றினேன். புதுக் கேன்வாஸ் எடுத்து, ஒரு கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசையை வரைய ஆரம்பித்தேன். கொஞ்ச நாளில் அந்த அம்மாவே போன் செய்தார். மாகறலில் அவருடைய நாத்தனார் ஒருவர், இருபது வயதிலேயே புருஷனை இழந்தவராம். "அவளையும் ஒண்ணு வரையேம்மா, சிவப்புப் புடவைல நிக்கணுமாம்" என்றார். போய் வரைந்தேன். அவர் மூலம் இன்னொருவர். இப்படிப் போய்க்கொண்டிருக்கிறது. சென்னையில் ஒரு சின்னக் கண்காட்சியில் இந்தப் படங்களை வைத்தபோது, யாரும் என்னிடம் கோபுரம் எங்கே என்று கேட்கவில்லை.

பணக்கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஏற்பாட்டாளர் தன் வார்த்தையைக் காப்பாற்றினார். அடுத்த முகூர்த்த சீசன் முழுக்க என்னை யாரும் கூப்பிடவில்லை. இப்போது கல்யாண வீட்டாரிடம் நானே நேராகப் பேசுகிறேன். பாதிப் பணம் முன்னாடியே வேண்டும் என்கிறேன், ஒருவரை வரைந்துவிட்டால் அழிக்க மாட்டேன் என்கிறேன். பாதிப்பேர் அப்புறம் சொல்கிறோம் என்று போய்விடுகிறார்கள். போகட்டும்.

'கோபப்படாதே, கலைஞர்களுக்குப் பொறுமை வேண்டும்' என்று எனக்கு எத்தனையோ பேர் புத்தி சொல்லியிருக்கிறார்கள். அன்று அந்த மண்டபத்தில் நான் பொறுமையாக இருந்திருந்தால், எதை வரைவதற்காகப் பிரஷ்ஷைக் கையில் எடுத்தேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.