மருதாணி மறைத்த நகம்

முதல் அறிகுறி அமைதிதான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியின் கீழே சைக்கிளோடு விழுந்த ஏழு வயது மகள் யாழினி, அழாமல் மேலே வந்து சோபாவில் படுத்துக்கொண்டாள்.

பிள்ளை விழுந்த பிறகு இதைப் படிக்கும் அம்மாக்களுக்குச் சொல்கிறேன்: ரத்தம் தெரியாததை நான் நல்லதென்று எடுத்துக்கொண்டேன். சூடாக மைலோ கலக்கிக் கொடுத்தேன்.

அரை மணி நேரத்தில் அவள் கை சில்லிட்டது. "தூக்கம் வருதும்மா" என்றாள். ஆம்புலன்ஸை அழைத்தேன். ஒன்றுமில்லாததற்கு அழைத்துவிட்டோமோ என்று வெட்கமாகவும் இருந்தது.

வந்த மருத்துவ உதவியாளர் அவள் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"மருதாணியா அக்கா?"

"நேத்து கல்யாண வீடு, அண்ணே."

"அழகாத்தான் இருக்கு லா. ஆனா நகத்தோட நிறம் தெரியலையே."

சட்டையை விலக்கி, நெஞ்செலும்பின் மேல் விரலால் அழுத்தி எடுத்தார். வெளுத்த தடம் மறைவதற்குள் நான்கு வரை எண்ணினார். (ரத்த ஓட்டம் சரியாக இருந்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.) பிறகு வயிற்றைப் பார்த்தார். இடது விலாவுக்குக் கீழே, சைக்கிள் கைப்பிடி குத்திய வட்டம். நான் அதைப் பார்த்திருக்கவே இல்லை.

"உள்ள ரத்தம் போகுதுன்னு நினைக்கிறேன், அக்கா. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் ஜாம் ஆகறதுக்குள்ள கிளம்பணும்."

மண்ணீரல் (இடது விலாவுக்கு உள்ளே இருக்கும், ரத்தம் நிறைந்த உறுப்பு) கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. ரத்தம் ஏற்றி, அசையாமல் படுக்கவைத்துக் கண்காணித்தார்கள்.

"முன்னாடியே கூப்பிட்டிருக்கணுமா டாக்டர்?" என்று தினமும் கேட்டேன்.

"கூப்பிட்டீங்கல்ல, அதைப் பாருங்கம்மா" என்றார். என்னால் இன்னும் முடியவில்லை.

மூன்று மாதம் ஓடக் கூடாது, சைக்கிள் கூடாது. வீட்டுக்கு வந்த பிறகு, எந்த வேலையின் நடுவிலும் எழுந்து போய் அவள் நெஞ்சை அழுத்தி எண்ணினேன்.

"நான் என்ன லிஃப்ட் பட்டனாம்மா?" என்றாள்.

நாள்காட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். நகம் வளர வளர, மருதாணி நுனியை நோக்கித் தள்ளிப்போனது. எனக்கு அதுதான் நாள், வாரம் எல்லாம்.

நேற்று அவளே விரலை நீட்டினாள். நுனி தவிர நகம் முழுக்க இளஞ்சிவப்பாக இருந்தது. அழுத்திவிட்டு எடுத்தேன். "ஒண்ணு" என்றாள். இரண்டு சொல்வதற்குள் நிறம் வந்துவிட்டது.

"போதுமா? டாக்டரே விளையாடலாம்னு சொல்லிட்டாரு. கீழ போகட்டுமா?"

"நடந்து போ."

நடந்துதான் போனாள். லிஃப்ட் கதவு மூடிய பிறகும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.